பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

அன்பு மகளே,

அங்கே குளிர் குறைந்ததா? மாநில அறிவியல் விருதைப் பார்த்தே உனக்கு முழு உதவித்தொகையோடு இடம் தந்ததாக அமெரிக்கக் கல்லூரி எழுதிய கடிதத்தை உன் அம்மா இன்னும் எல்லோரிடமும் காட்டுகிறாள்.

உன் வகுப்பில் இன்னொரு சண்முகப்பிரியா இருந்தாளே, மாதையன் மகள்? நேற்று பள்ளி அலுவலகத்தில் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், உங்க பாப்பாவுக்கு எந்த ஆய்வுக்குங்க விருது குடுத்தாங்க?"

"மறந்துருச்சு, சாமி" என்றேன்.

மறக்கவில்லை. பள்ளிக்கு வந்த சான்றிதழோடு இருந்த தாளில் மாதையன் மகளுடைய ஆய்வின் தலைப்புதான் இருந்தது. தாளைக் கிழித்துவிட்டேன். சான்றிதழில் வெறும் பெயர் மட்டும், இனிஷியல் இல்லை.

இப்போது அதிலிருக்கும் 'த' நான் எழுதியது. என் பெயரின் முதல் எழுத்துத்தானே, தினமும் போட்டுப் பழகிய கை.

உன் அப்பா