குறுக்கே பேசுபவர்

லோறென்ஸ்கூக்
4 மார்ச் 2006

அன்புள்ள குகநேசன்,

தினமும் ஒரே பஸ்ல வேலைக்குப் போற ரெண்டு பேருக்குள்ள கடிதமான்னு சிரிப்பீங்க. நேர்ல கேட்டா மழுப்பிடுவீங்க, அதான் எழுதறேன்.

25ஆம் தேதி சனிக்கிழமை புருசெத் ஹால்ல, எங்க தெலுங்கு சங்கத்துல அஷ்டாவதானம் பண்றேன். என் முதல் அவதானம். எட்டு பேர் சுத்தி உட்கார்ந்து கேள்வி கேப்பாங்க. ஒருத்தர் கடைசி அடியைக் கொடுத்து முழுப் பாட்டாக்கச் சொல்வார். ஒருத்தர் நான் போடப்போற எழுத்தை ஒவ்வொண்ணா மறிப்பார். ஒருத்தர் நடுநடுவே மணியடிப்பார், அதை நான் எண்ணிட்டே இருக்கணும். காகிதம் கிடையாது. முடிவில் எல்லாப் பாட்டையும் வரிசையாச் சொல்லணும்.

ஏழு பேர் கிடைச்சாச்சு. எட்டாமவர் வேலை குறுக்கே பேசறது. நான் பாட்டு கட்டறப்போ சம்பந்தமில்லாததைக் கேட்டு என் கவனத்தைக் கலைக்கணும். அவருக்கு மட்டும் முறை கிடையாது, எப்ப வேணாலும் நுழையலாம். நீங்க தமிழ்லயே கேளுங்க. எங்க கூட்டத்துல பாதிப் பேர் என்னை மாதிரி சென்னைத் தெலுங்கர்தான்.

தயவுதாட்சண்யம் பாக்காதீங்க. அதுவரைக்கும் நாம பேசவும் வேணாம். கேள்வி கசிஞ்சதுன்னு பேர் வந்தா மானம் போயிடும். அன்னிக்குக் காலைலேர்ந்து என் போன் அணைச்சிருக்கும். அம்மா சென்னைல ஆஸ்பத்திரில இருக்கறதால தம்பிகிட்ட உங்க வீட்டு நம்பர் கொடுத்திருக்கேன்.

வேணுகோபால்

புருசெத்
7.3.2006

அன்பின் வேணு,

கடிதம் கிடைச்சது. மனுசி புஷ்பமலர் வாசிச்சுப்போட்டு, குறுக்கை கதைக்கிறதுக்கும் ஆள் தேடுறாங்களோ, இஞ்சை வீட்டிலை ஒண்டு சும்மாதானே கிடக்கு எண்டு சிரிக்கிறா.

ஓம், வாறன். பிறகு என்னோடை கோவிக்கக் கூடாது. பஸ்ஸிலை நான் பின்னுக்கு இருப்பன், நீர் முன்னுக்கு இரும். உம்மடை முகத்தைக் கண்டால் கேள்வி வாயிலை வந்திடும். அம்மா சுகமாகி வீட்டை வர நேர்த்தி வைச்சிருக்கிறம்.

குகநேசன்

சென்னை
6 ஏப்ரல் 2006

குகநேசன் அவர்களுக்கு,

அம்மாவோட பதிமூணாம் நாள் காரியம் இன்னைக்கு முடிஞ்சுது. தம்பி உங்களுக்கு எத்தனை மணிக்குப் பேசினான்னு கேட்டேன். அங்கே பகல் பன்னிரண்டு மணிக்காம். அவதானம் தொடங்கினது ஒண்ணரைக்கு. நீங்க என்கிட்ட சொன்னது ஆறு மணிக்கு, கைதட்டல் எல்லாம் ஓய்ஞ்ச பிறகு.

அன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரு விமானம் இருந்தது. பிடிச்சிருந்தா ஞாயிறு ராத்திரி இங்கே இருந்திருப்பேன். ஐஸ் பெட்டில வச்சுத் திங்கள் காலை வரைக்கும் காத்திருந்தாங்க, அதுக்கு மேல பெரியவங்க விடல. நான் வந்து இறங்கினது திங்கள் ராத்திரி. மூத்தவன் நான் இருக்க, தம்பி கொள்ளி வச்சான்.

எட்டு பேர்ல என்னை நிறுத்தற உரிமை உங்களுக்கு மட்டும்தான் இருந்தது. எத்தனை தடவை புகுந்தீங்க! பனியில வழுக்கி விழுந்தா பிள்ளையார் மெடிக்கல் லீவு எடுப்பாரான்னு கேட்டீங்க. அடியில மாட்டினது மூஞ்சூறு, லீவு அதுக்குத்தான்னேன். ஹாலே சிரிச்சுது. நீங்களும் சிரிச்சீங்க. எங்க அம்மா போயிட்டாங்கன்னு தெரிஞ்சுகிட்டே சிரிச்சீங்க. ஏன்? இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க.

வேணுகோபால்

புருசெத்
15.4.2006

வேணு,

ஓம், பன்னிரண்டு மணிக்கே எனக்குத் தெரியும். புஷ்பமலர் உடனை போய்ச் சொல்லச் சொன்னவா. நான்தான் மறிச்சனான். மனுசன் மூண்டு வருசமாய்ப் பாடுபட்டது, இண்டைக்கு ஒருநாள் முடிக்கட்டும், அழுறதுக்கு இரவு முழுக்கக் கிடக்கு எண்டு நினைச்சன். பேசாமல் இருந்தால் உமக்கு விளங்கிப்போடும் எண்டுதான் கூடக் கூடக் கேட்டனான். சிரிச்சது மெய்.

ஆனால் விமானம் எண்டதை நான் நினைக்கவே இல்லை. தொண்ணூற்றாறிலை என்ரை ஐயா கிளிநொச்சியிலை மோசம் போனவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்ச பிறகுதான் எனக்குக் கடிதம் வந்தது. வாசிச்சுப்போட்டு வேலைக்குப் போனனான். எங்கடை ஆக்களுக்குச் செத்தவீடு எண்டால் இஞ்சை இருந்து கேட்டு, இஞ்சை இருந்து அழுறது. ஒரு பிள்ளை டிக்கெட் எடுத்துப் போய்த் தாய்க்குக் கொள்ளி வைக்கலாம் எண்டது ஊரை விட்டு வந்த இந்தப் பதினெட்டு வருசத்திலை எனக்கு மறந்தே போச்சு. ஆறு மணிக்கு நீர், "பிளைட் எத்தனை மணிக்கு?" எண்டு கேட்டீரே, அப்பதான் உறைச்சது. அதுக்கு முன்னம் சத்தியமாய் இல்லை.

மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்லை. இனி நான் அடுத்த பஸ்ஸிலை போறன்.

குகநேசன்

லோறென்ஸ்கூக்
2 மே 2006

அன்புள்ள குகநேசன்,

வந்து பத்து நாளாச்சு. கோபம் தீரல. தீரும்னு பொய்யும் சொல்ல மாட்டேன். அம்மா முகத்தைப் பாக்காதது பாக்காததுதான். சங்கத்துல அடுத்த வருஷமும் பண்ணச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன்.

உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வந்திருக்கோம். எங்க அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்தக் கண்ணுல புரை, எல்லாம் உங்களுக்குத் தெரியும், ஏன்னா நீங்க கேட்டீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல. உங்க ஐயா போய்ச் சேர்ந்தது எனக்கு இப்பத்தான் தெரியுது.

அவர் பேர் என்ன?

வேணு