குரு பாயின் மூக்கு

மங்காஃப்,
வியாழன் இரவு.

அன்புள்ள அழகுமலை மாமாவுக்கு,

தாமரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. குதைபியாவில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் அம்மா உங்களிடம் போனில் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய போன். நான் யாரைக் கூப்பிட்டாலும், என்ன அனுப்பினாலும் அவர் போனிலும் தெரியும். அதனால்தான் கடிதம். என் தோழி ஹிஃப்ஸாவின் வாப்பா நாளை சரக்கு எடுக்க உங்கள் மனாமாவுக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவின் சைட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வடக்கே பாலைவனத்தில், தார் போலக் கெட்டியான எண்ணெய் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. கிணற்றுக்குள் நாட்கணக்கில் கொதிநீராவியைச் செலுத்துகிறார்கள். பிறகு மூடி ஊறவிட்டு, எண்ணெய் இளகி வருகிறதா என்று திறந்து பார்க்கிறார்கள். எல்லாமே இன்னும் சோதனைதான். திறக்கும்போது விஷவாயுவும் வரும். அழுகின முட்டை வாடை அடிக்கும் வாயு. அதற்காக எல்லோரும் நெஞ்சில் ஒரு டிடெக்டர் மாட்டியிருப்பார்கள்.

ஆனால் நீராவி ஈரத்தில் அது சும்மா சும்மா கத்துமாம். ஒவ்வொரு தடவையும் ஓடினால் வேலை நடக்காது என்று சூப்பர்வைசர் அஸ்கர் அலி மாமா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். டிடெக்டர் கத்தினால் அப்பாவைப் பார்த்து, "குரு பாய், ஸ்மெல் ஹை?" என்று கேட்பார். வாடை இல்லை என்று அப்பா "மாஃபி" சொன்னால் "யல்லா" என்று வேலையைத் தொடர்வார்கள். சென்ற வருடம் டிடெக்டர் கத்தும் முன்பே அப்பா வாடையைப் பிடித்து எல்லோரையும் விலக்கினாராம். அன்றிலிருந்து இப்படி. நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். லிஃப்டில் வரும்போதே வீட்டில் என்ன குழம்பு என்று சொல்கிற ஆள்தானே அப்பா. மோப்ப நாய்க்குப் பதில் இவரை வைத்திருக்கிறார்கள் என்று அம்மா கேலி செய்வார்.

இப்போது அப்பா எந்தக் குழம்பையும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு கிணற்றைத் திறந்த அன்று கண் சிவந்து வந்தார். மணல் என்றார். பால்கனியில் நின்று, கூட வேலை செய்யும் சுரேஷ்குமார் அண்ணனிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. "நான் கீழ விழுந்தத யார்கிட்டயும் சொல்லிராத" என்றார். பிறகு ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் வாடை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றில் வரும் அந்த விஷவாயு அதிகமானால் முதலில் மோப்பத்தைத்தான் கொல்லும் என்று எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு காரியம் செய்தேன் மாமா. ஒரு முட்டையை பால்கனி வெயிலில் மறைத்து வைத்துக் கெடவிட்டேன். செவ்வாய்க்கிழமை அப்பா டீ குடிக்கும்போது, அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றினேன். எனக்கு வாந்தி வந்தது. அப்பா டீயை உறிஞ்சிக்கொண்டே, பரீட்சைக்கு எந்தப் பாடம் பாக்கி என்று கேட்டார். அதற்குள் அம்மா உள்ளே வந்து, "ஐயே, என்ன இப்படி நாறுது, எலி செத்துக் கிடக்கா?" என்று முகத்தைச் சுளித்தார். அப்பாவும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மாவைப் பார்த்த பிறகு.

பிறகு திரும்பி, என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். திட்டவில்லை.

அம்மா குளிக்கப் போனதும் என்னிடம் வந்தார். "மெடிக்கல் செக்கப்ல தெரிஞ்சா கலாஸ், வேலை முடிஞ்சுது, ஊருக்கு அனுப்பிருவாங்க. உன் பரீட்சை முடியட்டும் தாயி. கொஞ்ச நாள்ல சரியாயிரும்" என்றார். அஸ்கர் அலி மாமா கேட்டால் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "மாஃபின்னுதான். எனக்கு ஒண்ணும் அடிக்கலையே" என்றார். யாரிடமும், உங்களிடமும், சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். அதை உடைத்துத்தான் எழுதுகிறேன். என் தலைக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை.

ஊறவிட்டிருக்கும் பெரிய கிணற்றை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்கள். அப்பா முன்னால் நிற்பார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டு சுரேஷ்குமார் அண்ணனும் மற்றவர்களும் நிற்பார்கள். கண்ணை மூடினால் அந்த டிடெக்டர் கத்துவது எனக்குக் கேட்கிறது.

அஸ்கர் அலி மாமா உங்களோடு ஒரே ரூமில் இருந்தவர். ஞாயிறு விடிவதற்குள் அவரைக் கூப்பிடுங்கள். நான் சொன்னேன் என்று சொன்னாலும் சரி. டிடெக்டர் கத்தினால் அப்பாவைக் கேட்காமல் எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள். அப்பாவையும் இழுத்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். ஊருக்குப் போக வேண்டியிருந்தால் போகிறோம். பரீட்சையை அங்கே எழுதிக்கொள்வேன். அப்பா என்னிடம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். வீட்டில் இருந்தால் போதும்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது வழக்கம்போல அப்பாவுக்கு அத்தர் வாங்கி வாருங்கள், ஆசையாகப் பூசிக்கொள்வார். வாசனை எப்படி என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள் மாமா. என்னைக் கேளுங்கள்.

உங்கள் மருமகள்,
தாமரை