அபிஷேகத்துக்குப் போன திராட்சைரசம்

அன்புள்ள அன்ரி,

இன்று உயிரியல் வகுப்பில் ஈஸ்ட்டையும் சர்க்கரையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, குடுவைகளில் ஊற்றி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பலூனை மாட்டி வைத்தோம். பலூன்கள் மெல்ல நிமிரத் தொடங்கியபோது அந்த வாசனை எழுந்தது. பக்கத்தில் நின்ற தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆசிரியை என்னை உட்காரச் சொல்லி, என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அது உங்கள் வீட்டு லாண்டரி அறையின் வாசனை என்றும், அந்த அறையை நினைத்தால் உங்களை இழந்துவிடுவேனோ என்ற பழைய பயம் வருகிறது என்றும், இழந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்றும் அவரிடம் எப்படிச் சொல்வது?

நாங்கள் திருச்சியிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறிய வென்ட்வேர்த்வில்லில் நம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து வரும்போது இருட்டிவிடும். அதுவரை நான் தனியாக இருக்க வேண்டும். நிறையப் படிக்கிற பிள்ளைக்குப் பயம் இருக்காது என்று அப்பா நம்பினார். புத்தகங்கள் எனக்குப் பயப்படுவதற்கு இன்னும் நல்ல காரணங்களைத்தான் தந்தன. ஒருநாள் உள்ளே போகாமல் வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்துவிட்டு நீங்கள் அப்போதுதான் வந்தீர்கள்.

“என்ன பிள்ளை, திறப்பைத் துலைச்சிட்டியோ?”

“சாவி இருக்கு அன்ரி.”

“பிறகேன் வெளியில இருக்கிறாய்?”

“உள்ள யாரோ இருக்கற மாதிரி இருக்கு.”

நீங்கள் சிரிக்கவில்லை. என் சாவியை வாங்கி, எங்கள் வீட்டுக்குள் போய், அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தீர்கள். “ஒருத்தரும் இல்லை. உன்ர கட்டிலுக்குக் கீழ ஒரு சொக்ஸ் மட்டும் கிடக்குது, அது உயிரோட இல்லை. வா, தேத்தண்ணி குடிப்பம்.” அன்றிலிருந்து பள்ளி விட்டால் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்கும் நிம்மதி. “அக்கா இருக்காங்க, எனக்கென்ன கவலை” என்று தொலைபேசியில் திருச்சிக்குச் சொல்வாள்.

வந்த புதிதில், உங்கள் குசினிக்குப் பின்னாலிருந்த லாண்டரியில் ‘களுக்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து மறுபடியும் ‘களுக்’. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

“ஆர் எண்டு நினைச்சாய்? அது கிறிஸ்மஸ்” என்றீர்கள்.

கதவைத் திறந்து காட்டினீர்கள். மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி. மூடியில் செருகிய வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கும் சாற்றின் காற்று அதன் வழியாகக் குமிழிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. வீட்டிலேயே வைன் செய்கிறவர்களுக்கான ஹோம் ப்ரூ கடையில் பெட்டியாக விற்கிறார்களாம்: பையில் அடைத்த திராட்சைச் சாறு, ஈஸ்ட், என்னென்னவோ பொடிப் பொட்டலங்கள், ஆங்கிலத்தில் ஒரு செய்முறைத் தாள். வருகிறவர்களுக்குக் கேக்கும் வைனும் கொடுக்காமல் உங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை. “இதில என்ர கைராசி எங்க இருக்கு? எல்லாம் பெட்டிக்காரன்ர கைராசி” என்பீர்கள். அடுத்த பெட்டி வந்தபோது, “நான் கண்ணாடியைத் தேடி எடுக்கிறதுக்கிடையில நீ வாசிச்சு முடிச்சிடுவாய்” என்று தாளை என்னிடம் தந்தீர்கள். நான் வாசிக்க, நீங்கள் செய்தீர்கள். ஒரு வரியைக்கூட விடாமல் வாசித்தேன். எதையாவது விட்டால் வெடித்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். போத்தல்களை நீங்கள் மூடும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“வெடிச்சாலும் உன்ர நெஞ்சு அடிக்கிற சத்தத்துக்கு மேல கேக்காது, வா இங்கால.”

ஆனால் என்னுடைய உண்மையான பயம் வேறு. அம்மாவின் அண்ணன் குடித்தே செத்துப்போனவர். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். லிட்கம்மில் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ மேசையில் போத்தலை வைத்ததும், தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள். இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த போத்தலைக் கீழே வைத்தீர்கள்.

“அம்மாவுக்கு இது தெரியுமோ?”

“தெரியாது. தெரிஞ்சா என்னை இங்க அனுப்ப மாட்டா.”

பிறகு, “உன்னைப் பொய் சொல்லு எண்டு நான் சொல்லமாட்டன். கேட்டால் சொல்லு” என்றீர்கள். நானாகச் சொல் என்றும் நீங்கள் சொல்லவில்லை. அன்று முதல் ஒவ்வொரு மாலையும் அம்மா உங்கள் வாசலில் மணியடிக்கும்போது ஓடிப்போய் லாண்டரிக் கதவைச் சாத்துவேன். இன்றோடு முடிந்தது என்று நினைப்பேன்.

போத்தல்களுக்கு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி, உங்கள் வட்ட எழுத்தில் ‘திராட்சைரசம்’ என்று எழுதினீர்கள். வைன் என்றே எழுதலாமே என்றேன்.

“வைன் எண்டு எழுதினால் வைன் எண்டு தெரிஞ்சிடும். தனிய இருக்கிற பொம்பிளை வீட்டில குடிவகை எண்டு கதைப்பினம். இது எங்கட வேதத்தில இருக்கிற சொல்லு. பொய்யும் இல்லை, பிழையும் இல்லை.”

எங்கள் வீட்டில் திராட்சை ரசம் என்றால் வெறும் பழச்சாறு. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் நாம் ஒளிந்துகொண்டோம்.

கந்தசஷ்டி வந்தது. சனிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலில் எங்கள் பெயரில் அபிஷேகம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். பாலும் இளநீரும் கெடாமல் கொண்டுபோக உங்கள் எஸ்கிக் குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். அம்மாவிடம் உங்கள் வீட்டுச் சாவி இருந்தது. எப்போதும் குசினியில் இருக்கும் அந்தப் பெட்டி அன்று லாண்டரியில் இருந்தது. திரும்பி வந்தபோது அம்மாவின் ஒரு கையில் எஸ்கி, மறு கையில் போத்தல்.

“பாருடி, அக்கா எவ்வளவு திராட்சை ரசம் போட்டு வச்சிருக்காங்க! சொல்லவே இல்ல. கடை ஜூஸ்ல என்னத்தக் கலக்கறானோ, இது அவங்க கையால செஞ்சது. ஒண்ணு எடுத்துக்கறேன்னு மெசேஜ் போட்டுட்டேன்.”

வேலையில் உங்கள் தொலைபேசி லாக்கருக்குள் இருக்கும். நீங்கள் பார்க்கப் போவதில்லை.

காரில் அம்மா போத்தலை மடியில் வைத்துக்கொண்டாள். சொன்னால் நீங்கள் எனக்கு இல்லாமல் போய்விடுவீர்கள். சொல்லாவிட்டால் அது முருகன் தலையில் ஊற்றப்படும், அம்மாவின் கையால், அவள் விரதத்தின் முடிவில்.

“அம்மா, பால் போதுமே.”

“ஏன்டி?”

“சும்மாதான்.”

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “முருகன் கடல் தாண்டி வந்திருக்காரு. வெரைட்டி வேணாமா?” என்று சிரித்தார். மேய்ஸ் ஹில் அவ்வளவு பக்கத்தில் இருப்பதை நான் அதுவரை வெறுத்ததில்லை.

கோயிலில் பொருட்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த அங்கிள், “எல்லாத்தையும் திறந்து தாங்கோ, ஐயர் கேக்கேக்க நிண்டு மினக்கெட ஏலாது” என்றார். அம்மா இளநீரைத் திறந்தாள். தேனைத் திறந்தாள். போத்தலின் மூடியில் கை வைத்தாள்.

“அம்மா, திறக்காத. அது ஜூஸ் இல்ல. வைன்.”

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். பயத்தில் சத்தமாக வந்துவிட்டது.

“என்னவாம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“வைனாம்.”

“பிள்ளை பகிடி விடுகுது போல.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பகிடி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போத்தலைப் பையில் போட்டு, அப்பாவிடம் கொடுத்துக் காரில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். பாலும் தேனும் முருகன் மேல் வழிந்தன. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரியை என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்பதைத் தவிர வேறெந்தப் பிரார்த்தனையும் எனக்கு வரவில்லை.

மாலையில் நீங்கள் வந்ததும் அம்மா போத்தலோடு உங்கள் வாசலில் நின்றாள். நான் எங்கள் கதவுக்குப் பின்னால்.

“இது என்ன அக்கா?”

“வைன்.” நீங்கள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“நீங்க குடிப்பீங்களா?”

“கிறிஸ்மஸ் அண்டைக்கு ஒரு சின்னக் கிளாஸ். மிச்சம் வாறவைக்கு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பயம், தங்கச்சி. பிள்ளையை அனுப்பாமல் விட்டிடுவீங்கள் எண்டு பயம்.”

அதுவரை அந்தப் பயம் எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அம்மா போத்தலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று திரும்பிவிட்டாள். என்னிடம், “நான் சொல்ற வரைக்கும் அங்க போகாத” என்றாள்.

அந்த நாட்கள் எனக்கு மிக நீளமானவை. வீடு மறுபடியும் முனகத் தொடங்கியது. நீங்கள் ரேடியோவை நம் நடுச்சுவரின் பக்கம் நகர்த்தி, எனக்குக் கேட்கும்படி சத்தமாக வைத்தீர்கள். பிறகு ஒருநாள் அதுவும் போதவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் கதவைத் திறந்து பார்த்தீர்கள். வா என்று கூப்பிடவில்லை. பேசவும் இல்லை. அம்மாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, குடையை விரித்துக்கொண்டு உங்கள் படியில் உட்கார்ந்தீர்கள். நான் என் படியில். நமக்கு நடுவில் இரண்டு குப்பைத்தொட்டிகள். அம்மா வரும்வரை அப்படியே இருந்தோம்.

காரை விட்டு இறங்கிய அம்மா என்னைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள்.

“இது என்ன, ரெண்டு பேரும் சத்தியாகிரகமா?”

“இல்லை, தங்கச்சி. பிள்ளை தனிய இருந்தவள். நான் கதைக்கேல்லை.”

அம்மாவின் கண்கள் சிவந்தன. “உள்ள போங்க, நனையறீங்க” என்றாள். பிறகு, “நாளைலேர்ந்து இவ வரட்டும். அந்த பக்கெட் இருக்கற ரூமை மட்டும் பூட்டி வைங்க அக்கா.”

“பூட்டினால் ஆர் எனக்கு இங்கிலீசு வாசிக்கிறது?”

ஐயோ, கெடுத்துவிட்டீர்களே என்று நினைத்தேன். அம்மா முறைத்தாள். அப்புறம் அவளையும் மீறி அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

அறையை நீங்கள் பூட்டித்தான் வைத்தீர்கள். அதற்கடுத்த கிறிஸ்மஸுக்கு வாளி வேண்டியிருக்கவில்லை. இடுப்பு வலி என்று போன உங்களை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் வந்தபோது உங்கள் கைகள் கட்டிலில் கிடந்தன, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல. சர்ச்சிலிருந்து வந்தவர்கள், “நல்லாத்தானே இருக்கிறீங்கள், கெதியில வீட்ட வந்திடுவீங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா உங்கள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

“எல்லாரும் நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுகினம். நீ சனத்துக்கு நடுவில உண்மை சொன்னவள். நீ சொல்லு, என்னைப் பார்க்க எப்பிடி இருக்கு?”

அம்மாவின் கையில் சீப்பு நின்றது. கோயிலில் பார்த்த அதே பார்வை. ஆனால் என்னைத் தடுக்கவில்லை.

“பயமா இருக்கு, அன்ரி.”

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தீர்கள், அவ்வளவு பலம் உங்களிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அப்பாடா” என்றீர்கள். “எனக்கும்தான் பிள்ளை.”

இப்போது உங்கள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்கள் சமைக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது. எனக்கு இன்னும் எல்லாவற்றுக்கும் பயம்தான், அன்ரி. பரீட்சைக்கு, அப்பாவின் இருமலுக்கு, அழைப்பு வந்து எடுப்பதற்குள் நின்றுவிடும் தொலைபேசிக்கு. ஆனால் அதை விழுங்கிக்கொண்டு இருப்பதில்லை. அம்மாவிடம் போய், “பயமா இருக்கு” என்று சொல்லிவிடுகிறேன். போய்ப் படி என்று அவள் இப்போது சொல்வதில்லை. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.

“எனக்கும்தான்டி” என்கிறாள்.