ஐந்தும் காலி

செவ்வாய் இரவு. சாரல் விடவில்லை.

கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃபிரேமில் பில்லிங் ஃபைலின் கடைசி ஐந்து பதிப்புகள்தான் நிற்கும். புதிதாக ஒன்று வந்தால், இருப்பதில் பழையது தானாக அழிந்துவிடும். இன்று அந்த ஃபைலை உருவாக்கும் என் ஸ்கிரிப்ட் பாதியிலேயே நின்றது. திருத்தித் திருத்தி ஓட்டினேன். ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு காலிப் பதிப்பு உருவானதை நான் கவனிக்கவில்லை.

சாயங்காலம் டீம் லீடர் சுடலை அண்ணாச்சி கடையத்து வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டார்.

“ஏலே, நேத்துள்ள ஃபைல் எங்கலே?”

“அங்கனதான் இருக்கும் அண்ணாச்சி, பாருங்க.”

“பாத்துட்டுதாம்லே கேக்கேன்.”

நானும் பார்த்தேன். ஐந்து பதிப்புகளும் பத்திரமாக இருந்தன. ஐந்தும் காலி.

சொன்னேன். அவர் திட்டவில்லை. “சரி, காலைல நான் பேசிக்கிடுதேன்” என்று வைத்துவிட்டார்.

யாரிடம், என்னவென்று பேசுவார் என நான் கேட்கவில்லை.