பேத்தி படம் ஒட்டிய ஃபிரிட்ஜ்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன், இன்றைக்கும் நினைத்தேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்த வேலை நடக்காது. அதனால் ஒழுங்காக உட்கார்ந்து முழுதாகப் படி, மருமகளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. அவளுக்குத் தெரியாமல்தானே அப்பாவுக்கு அந்த யோசனை சொன்னாய்?

என்ன யோசனை என்று முழிக்காதே. நாடு முழுக்க வீடு வீடாகப் போய், யார் எப்படி வாழ்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்களே, அது நம் தெருவுக்கும் வரப்போகிறது என்று கதவில் எல்லாம் சுண்ணக்கட்டியால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். உடனே முனைக் கடைக்காரர் ஆரம்பித்துவிட்டார். அவர் வாய் உனக்குத் தெரியாததா, பால் பாக்கெட் வாங்கப் போனால் பாதி ஊர் செய்தி சேர்த்துத்தானே கொடுப்பார். வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இருந்தால் இலவச மருந்து அட்டையைப் பிடுங்கிவிடுவார்களாம், அவருடைய உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் ஆச்சாம். அப்பா அதை அப்படியே நம்பிவிட்டார். இன்சுலின் அந்த அட்டையில்தானே வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள், அங்கே அட்டைப் பிரிவில் இருப்பவளிடம் கேட்டுச் சொல்லியிருப்பேன். அவர் என்னைக் கேட்கவில்லை, உனக்குப் போன் போட்டார். படித்த பிள்ளை, நல்ல வேலையில் இருக்கிற பிள்ளை, நீ என்ன சொன்னாய்? அப்பா, ஃபிரிட்ஜை நாலு நாளைக்கு வேறெங்கேயாவது தள்ளி வையுங்க, வாஷிங் மெஷின் மேல துணியைப் போட்டு மூடிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது என்று சொன்னாய். இல்லை என்று சொல், பார்க்கலாம்.

நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, தண்ணீர் கேன் போடுகிறவரைக் கூட்டி வந்து, நீ வாங்கி அனுப்பிய ஃபிரிட்ஜைப் பின்வாசல் வழியாகத் தையல்காரி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார் உன் அப்பா. பக்கத்துச் சுவர்தானே, சுலபமாகப் போய்விட்டது. போவதெல்லாம் சுலபம்தான். நான் சாயங்காலம் வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் தரை வெளுப்பாகத் தெரிகிறது. வாஷிங் மெஷினைப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி, மேலே நாலு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். குழாய்கூட வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. சின்னப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒளிந்துகொண்டதாக நினைக்குமே, அந்த லட்சணம்தான். கேட்டால், உன் மகன்தான் சொன்னான் என்கிறார்.

தையல்காரி வீட்டை நீ உள்ளே போய்ப் பார்த்து எத்தனை காலமாகிறது? ஒரே அறை. கட்டில், தையல் மெஷின், ஒரு மூலையில் அடுப்பு, அவ்வளவுதான். புருஷன் போனதிலிருந்து அந்த மெஷினும் மாசா மாசம் வருகிற உதவிப்பணமும்தான் அவளைக் காப்பாற்றுகிறது. ஃபிரிட்ஜை உள்ளே விட்டதும் மெஷினுக்கு இடமில்லை, அதை வாசற்படி ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு தைத்தாள். சுவரில் இருப்பது ஒரே பிளக். அப்பாவின் இன்சுலின் கெட்டுவிடக் கூடாது என்று மெஷின் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதில் ஃபிரிட்ஜைச் சொருகியிருக்கிறாள். பிறகு காலாலேயே மிதித்துத் தைத்திருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை, நானாகப் போய்ப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள்தானே என்று அப்பா சமாதானம் சொன்னார். சொல்லுவார், அவர் கால் வலிக்கவில்லையே.

இப்போது கேள் கூத்தை. கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள், கழுத்தில் அட்டை, கையில் கம்ப்யூட்டர் பலகை, நல்ல அமைதியான பெண். நம் வீட்டு வாசலில் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றாராம். அவள் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எல்லா வீட்டுக்கும் போவதில்லையாம், சீட்டுப் போட்ட மாதிரி தெருவுக்குச் சில வீடுகளை மட்டும் பொறுக்குகிறார்களாம். நம் வீடு சீட்டில் விழவில்லை. எந்த வீடு விழுந்தது என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா? அந்த நேரத்தில் உன் அப்பா முகத்தைப் பார்க்க நான் இல்லாமல் போய்விட்டேனே என்றுதான் எனக்கு இன்னமும் ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த நேரத்திலாவது இது எங்களுடையதும்மா என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உதவிக்கு உட்கார்வதுபோலத் தையல்காரியின் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் வரிசையாகக் கேட்டிருக்கிறாள். தரை சிமெண்டா மண்ணா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவறை தனியா பொதுவா, போன வாரம் முட்டை சாப்பிட்டீர்களா, பழம் சாப்பிட்டீர்களா. பிறகு சாமான் கணக்கு. டிவி இருக்கா, இல்லை. சைக்கிள், இல்லை. நாற்காலி மேசை, இல்லை. அலமாரி, இல்லை. ஃபிரிட்ஜ் இருக்கா என்று கேட்கும்போது அது அவள் முதுகுக்குப் பின்னால் உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. தையல்காரி அப்பாவைப் பார்த்தாளாம், அப்பா ஓட்டுக் கூரையைப் பார்த்தாராம். இருக்கு என்று சொல்லிவிட்டாள். யாரோடது என்றதற்கு என்னோடது, போன வருஷம் வாங்கினது என்றும் சொல்லிவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் நம் குட்டியின் படம் ஒட்டியிருக்கிறதே, பல் விழுந்த படம், அதைக் காட்டி இது யார் பாப்பா என்று அந்தப் பெண் சும்மா விசாரித்தாளாம். சொந்தக்காரப் பிள்ளை என்று சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் நான் உன் அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நம் மருந்து அட்டைக்கு வந்தால் அது ஆபத்து, அவள் உதவிப்பணத்துக்கு வந்தால் அது ஆபத்து இல்லையா? கடைக்காரர் சொன்னது உண்மையானால் இன்றைக்கு யார் தலையில் விடிந்திருக்கிறது? அதைக் கொஞ்சமாவது நினைத்தீர்களா என்று கேட்டேன். அவர் மென்று முழுங்கினார். அந்தப் பொண்ணு இதனால யாருக்கும் எதுவும் நிக்காதுன்னு சொல்லுச்சு என்றார். அப்படியானால் அதைக் கேட்ட நிமிஷமே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்றேன். செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். நீயாவது பதில் வைத்திருக்கிறாயா? நீ ஊரில் இல்லை, உனக்குத் தையல்காரி என்றால் சின்ன வயதில் உன் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தவள், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. அப்பா சர்க்கரை ஏறி விழுந்த அன்று ஆட்டோ பிடித்து ஏற்றியது நீ இல்லை, அவள்.

மீதிக் கேள்விகளுக்கு அந்தப் பெண் மறுநாளும் வருவாள் என்று தெரிந்து, நான் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வந்ததும் வராததுமாக, அம்மா, இந்த ஃபிரிட்ஜ் எங்க வீட்டோடது, இவர் பயந்துபோய் இங்கே கொண்டுவந்து வச்சார், நேத்து எழுதினதை அடிச்சுடு என்று சொன்னேன். அப்பா பக்கத்தில்தான் நின்றார், நிற்கட்டும். அந்தப் பெண் கோபப்படவில்லை. உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இது யாரோட அட்டையையும் பிடுங்குறதுக்கு எடுக்கறது இல்லைம்மா, பேரைக்கூட வெளியே கொடுக்க மாட்டோம், ஆனா இந்த ஒரு வீடு இதே மாதிரி இருக்கிற சில நூறு வீட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுது, இங்கே ஃபிரிட்ஜ்னு எழுதினா அங்கேயும் இருக்குன்னு ஆயிடும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கெங்கோ ஒரே அறையில், ஒரே பிளக்கோடு, காலால் மிதித்துத் தைக்கிற பெண்களுக்கெல்லாம் உன் அப்பாவும் நீயும் சேர்ந்து ஒரு ஃபிரிட்ஜைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள், ஒருத்திக்கும் ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர்கூடக் கிடைக்காத ஃபிரிட்ஜ். நாளைக்கு யாராவது அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, இவர்கள் வசதியாகத்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்களா?

நான் சொல்வதை வைத்து மாற்ற முடியாதாம், அந்த வீட்டுக்காரிதான் சொல்ல வேண்டுமாம். சரி, சொல்லு என்று தையல்காரியைப் பார்த்தேன். அவள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தாள். என்னோடதுதான் என்றாள். அப்பா இருமினார். அவளைக் கையைப் பிடித்துப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உனக்கு என்ன கிறுக்கா, அவர் உன்னை மிரட்டி வச்சிருக்காரா என்று அதட்டினேன். அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் ஒண்ணும் சொல்லலைக்கா, அந்தப் பொண்ணு கேட்கக் கேட்க இல்லை, இல்லை, இல்லைன்னே சொல்லி எனக்கே அசிங்கமா போச்சு, ஒண்ணாவது இருக்குன்னு சொல்லணும்போல இருந்துச்சு, வாயில வந்துடுச்சு, இப்ப மாத்திச் சொன்னா அந்தப் பொண்ணு என்னை என்ன நினைக்கும் என்றாள். பிறகு, கோச்சுக்காதீங்கக்கா, நாளைக்கே தள்ளிட்டுப் போயிடுங்க என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அவள் மேல் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடித்து மடித்துக் காய்த்துப்போன கை என்னுடையது, அந்தக் கையாலேயே உங்கள் இரண்டு பேரையும் ஒரு அறை விடலாமா என்று இருந்தது. இல்லாத ஒருத்தியின் வீட்டில் கொண்டுபோய் இருக்கிறதை ஒளித்து வைத்துவிட்டு, நாலு நாள் கழித்து உருட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டீர்களே. திரும்ப உருட்டும்போது அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையா?

நான் நேராக உள்ளே போனேன். எழுதிக்கோம்மா, அது இவளோடதுதான், போன வருஷம் வாங்கினது இல்லை, இன்னைக்கு நாங்க கொடுத்தது என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். நிஜமாவா சொல்றீங்க, இதுக்காகச் சொல்ல வேணாம் என்றாள். இதுக்காகத்தான் சொல்றேன், ஆனா நிஜமாத்தான் சொல்றேன் என்றேன். தையல்காரியும் தலையாட்டிய பிறகு, அன்பளிப்பு என்று பழைய பதிலைத் திருத்திக்கொண்டாள். உன் அப்பா வாயைத் திறந்தார், நான் திரும்பிப் பார்த்தேன், மூடிக்கொண்டார். மீதி சில நூறு வீட்டுக்கும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது, நீங்களா உங்க பிள்ளையா என்று அவரைக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதனால் ஃபிரிட்ஜ் இனி நம் வீட்டுக்கு வராது. நீ உழைத்து வாங்கியது, எனக்குத் தெரியும், அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து அவள் சுவரில் இன்னொரு பிளக் போடச் சொல்லிவிட்டேன், மெஷின் மோட்டார் மறுபடி ஓடுகிறது. அப்பா தினமும் காலையில் பின்வாசல் வழியாகப் போய், அம்மாடி, என் மருந்தைக் கொஞ்சம் எடுத்துக் கொடும்மா என்று கேட்டு வாங்கி வருகிறார். முதல் நாள் காது மடல் சிவக்கத் திரும்பி வந்தார், இப்போது பழகிவிட்டது. மீந்த பாலையும் அங்கேதான் வைக்கிறேன். நீ அவசரப்பட்டு இன்னொன்று வாங்கி அனுப்பாதே. அனுப்பினால் அது தையல்காரிக்கும் அடுத்த வீட்டுக்குப் போகும், சொல்லிவிட்டேன். அனுப்ப நினைக்கிற காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வந்து சேருங்கள்.

கோபத்தில் நல்லதைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். மருமகள் இடுப்பு வலி என்றாளே, கனமான பையை அவளைத் தூக்க விடாதே, அதையாவது நீ ஒளித்து வைக்காமல் செய். குட்டிக்கு இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு, நீயே மருந்துக் கடைக்காரனாகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. எல்லாரும் நன்றாக இருங்கள், நீண்ட ஆயுளோடு, நல்ல புத்தியோடு. புத்தியை இந்தத் தடவை உனக்காகத் தனியாகக் கேட்டுக்கொண்டேன்.

முக்கியமானதை மறக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் போடாதே, தையல்காரிக்குப் போடு. நான் எத்தனை தடவை சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, பிள்ளை வாங்கினதாச்சே, பிள்ளை என்ன சொல்லுமோ என்கிறாள், இன்னும் தன் தண்ணீர்ப் பாட்டிலை அதில் வைக்கவே இல்லை. அது உங்களுடையதுதான் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நேற்று ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தவள், பாப்பா படத்தை எடுத்துக் கொடுத்துடட்டுமாக்கா என்று கேட்டாள். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன். சொந்தக்காரப் பிள்ளை என்று கவர்மெண்டிடமே சொல்லியாகிவிட்டதே, இனி எப்படி எடுப்பது?

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா