தவிட்டு விலை

1919 மே 5, திங்கள்

தவிடு மறுபடி ஏறிவிட்டது. ஷேக் அலாவுதீன் தன் கடை மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டு, ஏதோ கல்யாணச் சேதி சொல்வது போலச் சொல்கிறார்: "ரங்கூன்லேர்ந்து கப்பலே வரல கண்டிராக்டரே. அரிசியே இல்லேங்கறான், தவிட்டுக்கு நான் எங்க போவேன்?" போன வருஷம் இதே மாதம் கொடுத்ததற்கு இரண்டு மடங்கு. கொள்ளு விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. என் கொட்டகையில் இருபத்திரண்டு மாடுகள் நிற்கின்றன. ரங்கூன் கப்பல் வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று அவற்றிடம் யார் போய்ச் சொல்வது?

பினாங்கு முனிசிபாலிட்டி எனக்குக் கொடுப்பது மட்டும் அதே தொகை. மார்க்கெட் தெரு, குயின் தெரு, சூலியா தெரு, நடுவில் உள்ள சந்துகள் — எல்லாவற்றிலும் குப்பை அள்ளி ஜெலுத்தோங் சதுப்பில் கொட்ட வேண்டும், மாதம் இவ்வளவு, மூன்று வருஷத்துக்கு. போன வருஷம் ஜனவரியில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். 

மே 6

பல்வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

மே 12

தொகையை ஏற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தாயிற்று. முனிசிபல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் ஜெயராஜ் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தான். நல்ல பையன், கோயில் பக்கத்து வீடு. செக்ரட்டரி துரை அதை எழுந்து நின்றபடியே படித்தார். படித்துவிட்டு என்னவோ சொன்னார். ஜெயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்:

"போட்ட ஒப்பந்தம் போட்டதுதானாம் அண்ணே. தவிடு வெல எறங்கியிருந்தா மிச்சத்த எங்ககிட்ட திருப்பிக் குடுத்திருப்பியான்னு கேக்குறாரு."

நான் சொன்ன பதிலை அவன் மொழிபெயர்க்கவில்லை. வெளியே வந்ததும் "உங்க நல்லதுக்குத்தான்ணே" என்றான்.

வாசலில் துரையின் மோட்டார் கார் நின்றது. அதற்குப் பெட்ரோல் விலை ஏறினால் ஆபீசு பேசாமல் கொடுக்கிறது. எந்தத் துரையும் பெட்ரோல் கடைக்காரனிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவதில்லை. என் வண்டிக்குத் தவிடுதானே பெட்ரோல்? இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான்.

மே 24

சடையன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றான். என் வண்டியாட்களுக்கெல்லாம் அவன்தான் தண்டல். அவன் சொன்னால்தான் வண்டி பூட்டுவார்கள், அவிழ்ப்பார்கள்.

"மொதலாளி, அரிசி வெல உங்களுக்கே தெரியும். கூலிய ஏத்திக் குடுங்க. புள்ளைங்களுக்கு மரவள்ளியத்தான் அவிச்சுப் போடுறோம்."

"பேசின கூலி பேசினதுதான்டா. புடிக்கலேன்னா போ. பினாங்குல ஆளா இல்ல?"

 அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் போய் மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டினான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? நான் என்ன வீட்டுக்குள் வெள்ளிப் பணம் அச்சடிக்கிறேனா? துரை எனக்குத் தந்தால் நான் அவனுக்குத் தரமாட்டேனா?

சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் மனைவி சீதை குழம்பு ஊற்றிக்கொண்டே, "அந்த செக்ரட்டரி மாதிரியே பேசியிருக்கீங்க" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை.

ஜூன் 9

போன வாரம் தீவனத்தைக் குறைத்தேன். தவிடு பாதி, வைக்கோல் பாதி. வேறு என்ன செய்யட்டும்?

இன்று குயின் தெருவில், கோயிலுக்கு எதிரே, வெள்ளைக் கழுத்து மாடு முன்னங்காலை மடித்து விழுந்துவிட்டது. வண்டி குடைசாய்ந்து குப்பையெல்லாம் தெருவில். பூ வாங்க வந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தான். மாட்டைப் பார்த்தானா? இல்லை. வழியை மறித்ததற்கு அபராதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் போய்ச் சேர்ந்தபோது சடையன் நுகத்தைக் கழற்றிவிட்டு, மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையால் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்:

"பசி மொதலாளி. வேற சீக்கு ஒண்ணுமில்ல. எனக்கும் பசிதான். நான் விழல, அவ்வளவுதான்."

"வாய மூடுடா" என்றேன். இத்தனை பேர் நடுவில் அவன் அப்படிச் சொல்லலாமா?

ஜூன் 10

மாடு எழுந்துவிட்டது. அபராதம் கட்டினேன்.

ஜூலை 3

ஒரு வண்டியும் கிளம்பவில்லை. ஒருத்தனும் வரவில்லை. ஆள் அனுப்பினேன், "கூலிய ஏத்தட்டும், தண்டல் சொன்னா வருவோம்" என்கிறார்களாம். கூலி கொடுப்பவன் நானா, தண்டலா?

ஜூலை 5

சூலியா தெருவில் நடக்க முடியவில்லை. மீன் செதில், கோழி இறகு, அழுகின பழம், மேலே ஈ. மழை வேறு, எல்லாம் சாக்கடையில் இறங்கி, அடைத்துக்கொண்டு, மறுபடி கடைவாசலுக்கே ஏறிவிட்டது. சீனத் தவுக்கே முதலாளி ஒருவன் தன் கடைமுன் இருந்த கூடையை என் காலடிக்கு உதைத்துத் தள்ளினான். மலாயில் அவன் திட்டினது எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 8

எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

எதிர்க்கரைச் செபராங்கிலிருந்து படகில் வண்டியும் மாடும் ஆளும் கொண்டுவந்து என் தெருக்களில் குப்பை அள்ளுகிறார்கள். முனிசிபாலிட்டி ஏற்பாடு. எவ்வளவுக்கு என்று ஜெயராஜைக் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றான். விடவில்லை. கடைசியில் சொன்னான் — எனக்குக் கொடுப்பதற்கு இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு! எனக்குக் கொஞ்சம் ஏற்றித் தர ஒப்பந்தத்தில் இடமில்லை. என் இடத்தில் வந்தவனுக்கு அள்ளிக் கொடுக்க இடம் இருக்கிறது. அதுவும் ஒப்பந்தம் போட்டபோது நான் கட்டிய வைப்புத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்களாம்! என் பணத்தை எடுத்து, நான் கேட்டதைவிட அதிகமாக, இன்னொருத்தனுக்கு —

நேரே எஸ்பிளனேட் கடற்கரையிலுள்ள முனிசிபல் ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. மோட்டார் காரும் பெட்ரோலும் இந்தத் தடவை விட்டுப்போகவில்லை. பியூன்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். மாடியிலிருந்து துரைமார்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயராஜ் ஓடி வந்து, "போதும்ணே, போதும்லா, எல்லாருக்கும் கேட்டுருச்சு" என்று இழுத்துக்கொண்டு போனான்.

கேட்கட்டும்.

ஜூலை 16

ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார்கள். செபராங் வண்டிக்குக் கொடுப்பதைவிட எனக்கு ஏற்றிக் கொடுப்பது மலிவு என்று முனிசிபல் கமிஷனர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதைக் கண்டுபிடிக்க ஊர் நாற வேண்டியிருந்தது.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீவன விலையைப் பார்த்து என் தொகையை ஏற்றுவார்கள், விலை இறங்கினால் இறக்குவார்கள். சரி என்றேன். "ஆள் கூலிக்கு?" என்று கேட்டேன். துரை இல்லை என்று தலையை ஆட்டினார். "ஆளுங்க விஷயம் உங்க பாடாம் அண்ணே" என்றான் ஜெயராஜ்.

மாட்டுக்கு உண்டு. ஆளுக்கு இல்லை. இப்படியும் ஒரு கணக்கா?

உண்மையைச் சொன்னால், படி இறங்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 17

ஜெலுத்தோங் ரோட்டில் சடையனின் பலகை வீட்டுக்கு நானே போனேன். சடையன் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றிவிட்டார்கள், நாளைக்கு வண்டி பூட்டலாம் என்றேன்.

"மாட்டுக்கு ஏத்திட்டாங்களா? நல்லது மொதலாளி. அப்ப மாட்டையே அள்ளச் சொல்லுங்க."

மறுபடி தலைவாரத் தொடங்கிவிட்டான். எழுந்து நிற்கக்கூட இல்லை. வரும் வழியெல்லாம் அவனுக்கு என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். 

ஜூலை 21, திங்கள்

இன்றைக்குள் வண்டி ஓடாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று ஆபீசு கெடு வைத்திருக்கிறது. பாசார் சந்தையில் பிடித்த கூலிகள் இரண்டு பேர், மூன்றாவது ஆள் நான்.

பதினைந்து வருஷமாகக் கண்டிராக்டர். ஒரு நாளும் கூடையைத் தொட்டதில்லை. இன்று தொட்டேன். ஈரக் குப்பை இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. தோளில் வழிந்து, முதுகில் இறங்கி, வேட்டிக்குள் போகிறது. மார்க்கெட் தெருவில் பழனியப்பன் செட்டியார் கடை வாசலில் நின்றிருந்தார். கோயில் திருவிழாவில் என் பக்கத்தில் உட்காருகிறவர். என்னைப் பார்த்தார். உடனே உள்ளே ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொண்டார். கூடையை அவர் வாசலிலேயே கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பானையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. சீதை தனக்கு மரவள்ளிக் கிழங்கை அவிக்கப் போட்டாள்.

இந்த வேலைக்கு இவ்வளவு சோறு வேண்டும். நான் கொடுக்கும் கூலியில் இவ்வளவு சோறு வராது. எனக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை.

ஜூலை 24

நான்காவது நாள். கூலிகளில் ஒருவன் ஓடிவிட்டான். குயின் தெரு முனையில் கூடையைத் தூக்க முடியாமல் நின்றேன். யாரோ மறுபக்கம் பிடித்தார்கள். சடையன்.

வண்டியில் கொட்டின பிறகுதான் பேசினான். "மாட்டுக்கு எழுதின மாதிரி எங்களுக்கும் எழுதுங்க மொதலாளி. மூணு மாசத்துக்கு ஒருக்கா அரிசி வெல பாத்துக் கூலி."

கத்தினேன். என் லாபம் எங்கே போகும், நீயா வந்து என் வைப்புத் தொகையைக் கட்டுவாய், உன்னை யார் தூண்டிவிட்டது — தெருவே பார்த்தது. நான் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"வெல எறங்குனா?" என்றேன்.

"எறக்கிக்குங்க. எங்களுக்கு என்ன, சோறுதானே வேணும்."

ஜெயராஜ் வீட்டு வாசலில் நின்றபடியே தமிழில் எழுதினோம். நான் கையெழுத்து. அவன் பெருவிரல் ரேகை.  

ஜூலை 26

எல்லா வண்டிகளும் கிளம்பிவிட்டன. தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டாள் சீதை.

அக்டோபர் 18

அரிசி இன்னும் ஏறிவிட்டது. எழுதிக் கொடுத்தபடி கூலியை ஏற்றினேன். தீவனத்துக்காக ஆபீசு தந்ததில் மிஞ்சினதெல்லாம் அதற்கே போயிற்று. எனக்கென்று இந்த மாதம் ஒன்றுமில்லை. துரை இன்னும் மாட்டை மட்டும்தான் பார்க்கிறார். பாவி.

சடையனிடம் சொன்னேன். "நானும் வர்றேன், ரெண்டு பேரும் போய்க் கேப்போம்" என்றான். நீ எதற்கு என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

ஆபீசு வாசலில் பியூன் சடையனை நிறுத்திவிட்டான். சட்டை இல்லையாம், துண்டு போதாதாம். "இவன் அள்ளலேன்னா உன் துரை மூக்கப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருப்பான்டா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஜெயராஜ் இறங்கி வந்து உள்ளே விட்டான்.

துரையின் அறையில் ஒரு நாற்காலிதான் போட்டார்கள். எனக்கு. நான் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசினோம். நான் பேசினது கொஞ்சம். சடையன்தான் பேசினான் — எத்தனை கூடை, எத்தனை சந்து, வீட்டில் எத்தனை வாய் என்று. ஜெயராஜ் இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். அவன் குரலே கொஞ்சம் ஏறியிருந்தது.

 துரை, அரிசி ஏற்றத்துக்காக ஆட்களின் கூலி ஏறுவதில் பாதியை ஆபீசு கொடுக்கும்படி கமிஷனர்களிடம் சொல்வதாகச் சொன்னார். பாதி.

படி இறங்குவதற்குள் சடையன் வெடித்துவிட்டான். "பாதியா? மனுசன் அர வயிறாவா அள்ளுவான்?" இதை நான் சொல்ல வாயெடுத்தேன், அவன் முந்திக்கொண்டான். இரண்டு பேரும் திட்டிக்கொண்டே எஸ்பிளனேட் வழியாக நடந்தோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்த திங்கள், கமிஷனர்கள் கூட்டத்துக்கே போகிறோம். என் பழைய கோட்டை அவனுக்குப் போட்டுப் பார்த்தேன், தோள் பற்றவில்லை. பிரித்துத் தைக்கத் தையற்காரனிடம் கொடுத்திருக்கிறேன்.