படுத்துக்கொண்டு ஓடிய கடிகாரம்

இன்று காலை கடிகாரம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, எனக்கொன்றும் தலைபோகிற அவசரம் இல்லை. ஆனாலும் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து அதை இறக்கினேன். இறங்கும்போது நாற்காலியின் முதுகில் கண் போயிற்று. நீ வைத்த குங்குமப் பொட்டு. எத்தனையோ தடவை கழுவியும் அந்தச் சிவப்பு போகவில்லை. வெள்ளை வேண்டாம், அழுக்குப் பிடிக்கும் என்று கடையிலேயே சொன்னேன். நீ வெள்ளைதான் வேண்டும் என்று நின்றாய். என் பேச்சை என்றைக்குக் கேட்டாய், அன்றைக்குக் கேட்க!

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தாள். உன் முதல் வருஷத் திதிக்கு நாளைக்கு வருகிறாள். சங்கரன்கோவிலில் பஸ் ஏறும் முன்பே எனக்கு உத்தரவு வந்துவிட்டது.

"ஏல, நான் வரும்போது அவ படம் செவுத்துல இருக்கணும். பொட்டு வச்சு, மாலை போட்டு, வெளக்கேத்தி வையி. ஒரு வருசமா அரிசி டிரம்மு மேல படுக்கப் போட்டு வச்சிருக்கியே, பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க? அதை முறையா மாட்டினாத்தான நாங்களும் மேக்கொண்டு ஒண்ணப் பேச முடியும்?"

மேற்கொண்டு என்றால் என்னவென்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு இன்னொருத்தியைப் பார்க்கிறார்கள். படம் சுவரில் ஏறிவிட்டால் நீ போய்விட்டாய் என்பது எல்லாருக்கும் முடிந்த சங்கதி ஆகிவிடும். போனை வைத்தேன். கையில் நின்றுபோன கடிகாரம். சுவரில் வெறும் ஆணி. டிரம்மின் மேல் நீ.

இந்த ஓர் ஆணிக்கு நீ பட்ட பாடு அக்காவுக்கு எங்கே தெரியும்!

கல்யாணமான கையோடு நாம் திருப்பூர் வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். அதுவரை நான் பனியன் கம்பெனிப் பையன்களோடு ஒரு ரூமில் உருண்டு கிடந்தவன். எனக்கென்று ஒரு டம்ளர்கூடக் கிடையாது. நெருப்பெரிச்சல் பகுதியில் இந்த லைன் வீட்டைப் பேசி வைத்திருந்தேன். சாவி வாங்கப் போகிற வழியில் நீ ஒரு கடை வாசலில் நின்றுவிட்டாய். நமக்குப் பாய் இல்லை, அடுப்பு இல்லை, தண்ணீர் பிடிக்க ஒரு குடம் இல்லை. நீ வாங்கியது சுவர்க் கடிகாரம்.

"முதல்ல நேரம் வீட்டுக்குள்ள வரட்டும் அத்தான். மத்ததெல்லாம் பின்னாலேயே வந்துரும்" என்றாய்.

"சோத்துக்குப் பதிலா அதையா திங்கப் போறோம்?" என்று நடுத்தெருவில் கத்தினேன். கடைக்காரர் சிரித்தார். வெட்கமே இல்லாமல் நீயும் சேர்ந்து சிரித்தாய்.

சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "தண்ணி ஒருநா உட்டு ஒருநா வருமுங்க. வாசல்ல செருப்பப் பரப்பி வெக்காதீங்க. அப்பறங் கண்ணு, செவுத்துல ஆணி மட்டும் அடிச்சுப் போடாதீங்க. பூச்சு பூராம் பொரிஞ்சு உழுந்துருமுங்க." அவர் பார்வை உன் கையிலிருந்த கடிகாரத்தின் மேல் விழுந்தது. நீ அதை முந்தானைக்குள் மறைத்தாய்.

"ஒண்ணே ஒண்ணுங்கம்மா" என்றாய், வந்த அன்றைக்கே அவர் ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டு.

"பாக்கலாங்க கண்ணு."

அந்தப் 'பாக்கலாங்க' வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தது. பொங்கலுக்குக் கேட்டாய், தீபாவளிக்குக் கேட்டாய், அவர் வீட்டு விசேஷத்துக்குப் பாத்திரம் தேய்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாய். ஒருநாளும் அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை, ஒருநாளும் விட்டதுமில்லை. "இந்தம்மா இல்லேன்னு சொன்னாக்கூட வெல்லம் குடுத்த மாதிரி இருக்கு அத்தான், சண்டைக்குப் போறதுக்கு வாயே வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வாய். எனக்கு வாய் வந்தது. நான் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பும்போதெல்லாம் நீதான் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

ஆணி அடிக்காமல் ஒரு குடித்தனத்தை ஜோடித்துப் பார்த்தால்தான் தெரியும், வீட்டில் பாதிச் சாமான் சுவரை நம்பித்தான் இருக்கிறது என்று. துணிக்கொடியை ஜன்னல் கம்பியிலிருந்து கதவுக் கொண்டிக்குக் கட்டினோம். யார் கதவைத் திறந்தாலும் நம் துணிகள் எல்லாம் வரிசையாக ஒரு ஆட்டம் ஆடி அடங்கும். கண்ணாடி தரையில் சாய்ந்திருந்தது. அதில் முகம் பார்க்க நான் குந்தி உட்கார வேண்டும். சாமி படங்கள் ஜன்னல் திட்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. தலையணை வாங்கக் காசில்லாமல் கம்பெனியில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட் துணியை அள்ளி வந்து உறையில் திணித்தாய். படுத்தால் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். எந்த நாட்டுக்காரன் சட்டையின் மிச்சமோ என் காதுக்கடியில் உறுத்திக்கொண்டு கிடந்தது.

திரைச்சீலைக் கூத்தை மறக்க முடியுமா? கம்பெனியில் பிரிண்ட் கெட்டுப்போய்த் தள்ளிய துணியைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து, ஓரத்துக்கு ஓவர்லாக் தையல் போட்டு, ஜன்னல் கம்பியில் முடிந்து தொங்கவிட்டாய். "இது பனியன் துணிடி, தொங்கத் தொங்க நீளும்" என்றேன். கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் நான், சொன்னால் கேட்க வேண்டாமா? சில நாளிலேயே அது தரையைத் தொட்டது. பிறகு தரையைக் கூட்டவே ஆரம்பித்துவிட்டது. "நீளட்டுமே. வெட்டுறதுதான உங்க வேலை, வெட்டி விடுங்க" என்று கத்திரிக்கோலை என் கையில் கொடுத்தாய். வெட்டின துண்டெல்லாம் அடுப்படிக்குக் கைப்பிடித் துணி ஆயிற்று.

ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பீகார்க்காரரிடம் இரும்புக் கட்டில் வாங்கினோம். "அக்கா, அச்சா கட்டில், சத்தம் இல்லே" என்று அவர் அடித்துச் சொன்னார். கொண்டுவந்து போட்டு நீ உட்கார்ந்ததுதான் தாமதம், தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து நான் கோபத்தில் குரலை உயர்த்தினால் போதும், "அச்சா அத்தான், சத்தம் இல்லே" என்பாய். அதற்கு மேல் எவன் கோபப்பட முடியும்?

எந்தச் சாமான் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, குங்குமம் வைத்துத்தான் உள்ளே விடுவாய். வாளிக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு, இந்த நாற்காலிக்கும் பொட்டு. "மொத்தமா வாங்கிப் போட்டா வீடு கடை மாதிரி ஆயிரும் அத்தான். ஒண்ணொண்ணா வந்தாத்தான் அதுக்கும் மரியாதை, நமக்கும் சந்தோசம்" என்பாய். மொத்தமாக வாங்க வழியில்லாததை நீ இப்படிச் சொன்னாய் என்று அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் நம்பினேன்.

கடிகாரம்தான் பாவம், மாட்ட இடமில்லாமல் அரிசி டிரம்மின் மூடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே ஓடியது. மணி பார்க்க வேண்டும் என்றால் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும். "ஊர் பூரா ஓடி ஓடிச் சம்பாதிக்குது, நம்ம வீட்டுக் கடிகாரம் மட்டும் படுத்துக்கிட்டே ஓடுது பாருங்க" என்பாய். அரிசி எடுக்க மூடியைத் திறக்கும் முன் அதைத் தூக்கிக் கட்டிலில் வைப்பாய். திரும்ப எடுத்து வைக்கும்போது முந்தானையால் ஒரு துடைப்பு. அதை ஒருநாளாவது சுவரில் பார்த்துவிட வேண்டும் என்று உனக்கு இருந்தது.

காய்ச்சல்தான் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "சோறு வடிச்சு வச்சிருக்கேன், வந்து சாப்பிட்டுருங்க" என்றாய், ஏதோ கடைக்குப் போகிறவள் மாதிரி. நான் திரும்பி வந்தேன். நீ வரவில்லை. இதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

பதினாறாம் நாள் அக்கா உன் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டுக்கார அம்மாவும் வந்தார். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் புது ஆணி.

"அடிச்சுக்குங்க கண்ணு. படம் மாட்டோணுமல்லோ" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உயிரோட இருந்தப்ப கேட்டாளேம்மா! கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாளே! செத்தாத்தான் ஆணி குடுப்பீங்களா?" என்று கத்தினேன். சத்தம் இல்லே என்று சொல்ல நீ இல்லை.

அந்த அம்மா கோபப்படவில்லை. "எங்கூட்டுக்காரரு அவரு கையாலயே கட்டுன செவுருங்க கண்ணு. கலவ போட காசு பத்தாம அரகொறயாப் பூசுனது. அவரு படத்துக்கே நானு ஆணி அடிக்கல. மேச மேலதான் வெச்சிருக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சுவரில் ஆணியை வைத்து அடித்தார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. குனிந்து அந்தச் சிதறலை எல்லாம் பொறுக்கித் தன் முந்தியில் போட்டுக்கொண்டார். அவரை வையவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறேன்.

அக்கா குங்குமத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு உன் படத்தைத் தூக்கினாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, படத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். புதிதாக வீட்டுக்கு வருகிற சாமானுக்குத்தானே நீ பொட்டு வைப்பாய்? நீ என்ன சாமானா? இந்த வீட்டுக்கு நீ இப்போதுதான் வருகிறாயா? டிரம்மின் மேலிருந்த கடிகாரத்தை எடுத்து ஆணியில் மாட்டினேன். அது இருந்த இடத்தில் உன் படத்தை வைத்தேன்.

"ஏல, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அக்கா அழுதாள்.

வீட்டுக்கார அம்மாதான் அவள் கையைப் பிடித்தார். "உடுங்க அம்மிணி. அந்தப் புள்ள ஆணி கேட்டது கடியாரத்துக்குத்தானுங்க."

அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அத்தனை வருஷமும் ஞாபகம் இருந்திருக்கிறது.

இன்றைக்கு அதே ஆணி காலியாக இருக்கிறது. ஒரு வருஷம் ஆயிற்று, அக்கா சொல்வதிலும் தப்பில்லை, மாட்டித்தான் பார்ப்போமே என்று உன் படத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். மாட்டினேன். இறங்கி நின்று பார்த்தேன். கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நீ என் நெஞ்சு உயரம்கூட இல்லாதவள். உன் முகத்தைப் பார்க்க நான் எப்போதும் குனியத்தான் செய்திருக்கிறேன். மேலே இருந்தது யாரோ ஒரு பெண். யாருடைய வீட்டிலோ செத்துப்போன பெண். உடனே ஏறி இறக்கிவிட்டேன்.

தெருமுனைக் கடையில் பேட்டரி வாங்கி வந்து போட்டேன். முள் நகர்ந்தது. கடிகாரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, உன்னைப் பழைய இடத்தில் வைத்தேன். நாளைக்கு அக்கா வைவாள். வையட்டும். மேற்கொண்டு எதையும் பேச வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன். குரல் உயராமல் சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு உலை வைக்க வேண்டும். உன்னைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு அரிசி எடுப்பேன். பிறகு துடைத்துத் திரும்ப வைப்பேன். கடிகாரம் சுவருக்குப் போய் ஒரு வருஷம் ஆகியும் எனக்கு மட்டும் பழக்கம் மாறவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது, மணி என்ன என்று பார்க்க டிரம்மிடம்தான் போய்க் குனிகிறேன். அங்கே நீ இருக்கிறாய். மணி பார்க்க மறந்துபோகிறது.